திரும்ப வரவழைக்க முடியவில்லை

ஆர்லன் ட்வைட் எந்த வேலையையும் இரண்டாவது தடவை செய்யமாட்டான். அதை அவனே பெருமையாகச் சொல்லிக்கொள்வான். காலையில் வந்ததும் மதியத்துக்கும் சேர்த்துக் காப்பி போட்டு வைத்துவிடுவான். ஆறிப்போனதை எப்படித்தான் குடிக்கிறாயோ என்று நான் முகம் சுளித்தால், "காப்பி காப்பிதானே, ஜோலீன்" என்பான். ஒரே சாம்பல் நிறத்தில் எட்டு சட்டைகள் வைத்திருந்தான். எதைப் போடுவது என்று காலையில் யோசிக்கத் தேவையில்லையாம். புதன்கிழமையானால் தெருமுனைச் சாப்பாட்டுக் கடையில் நெப்ளா என்கிற மாவுருண்டை சூப். பரிமாறுகிறவள் வாயைத் திறப்பதற்குள் தலையை ஆட்டிவிடுவான். அவனைப் போல ஒரு சோம்பேறியையும் நான் பார்த்ததில்லை, அவனைப் போல ஓர் உழைப்பாளியையும் பார்த்ததில்லை. இதை அவன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன்.

ஹில்ஸ்போரோ பக்கத்துப் பிள்ளை அவன். சர்க்கரை பீட்ரூட் விளைகிற மண். அப்பாவின் நிலம் அண்ணனுக்குப் போய்விட, இவன் சர்க்கரை ஆலையின் எடைமேடையில் ஒன்பது வருடம் உட்கார்ந்தான். அக்டோபர் வந்தால் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொரு லாரியையும் சரக்கோடு ஒரு தடவை, கொட்டிவிட்டு வெறுமையாக ஒரு தடவை என்று இரண்டு தடவை நிறுக்க வேண்டும். வெறும் லாரியின் எடை தினமும் மாறவா போகிறது என்று ஆர்லன் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டான். லாரி நம்பரைப் பார்ப்பான், நோட்டைப் புரட்டுவான், கழிப்பான், "போ போ" என்று கையைக் காட்டுவான். வரிசை பாதியாகக் குறைந்தது. மேஸ்திரி தோளில் தட்டிக்கொடுத்தார். ஒரே ஒரு தடவை எவனோ ஒருவன் லாரியில் பழைய சரக்குப் பெட்டியைக் கழற்றிவிட்டு, கனமான வேறு பெட்டியைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டான். நம்பர் அதேதானே, நோட்டு பழைய எடையைத்தான் சொன்னது. அதே மேஸ்திரி எல்லோர் முன்னாலும், "ஏண்டா, நம்பரப் பாத்தியே, பெட்டியப் பாத்தியா?" என்று கத்தினாராம். இந்தக் கதையை ஆர்லன் எங்களிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். நாங்களும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

முப்பத்து நாலு வயதில் இரண்டு வருடக் கணினிப் படிப்பு ஒன்றை முடித்துவிட்டு ஃபார்கோவில் எங்கள் கம்பெனியில் சேர்ந்தான். கம்பளக் கடைக்கு மேல்மாடி, பதினோரு பேர், முதலாளி டுவெய்ன். நான் சோதனைக்காரி. மற்றவர்கள் எழுதியதைப் போட்டு உலுக்கி, எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்துச் சொல்வது என் பிழைப்பு. எனக்கு வாய் நீளம் என்று பெயர். அந்தப் பெயரை நான் ஒருபோதும் மறுத்ததில்லை.

வயதானவர்களையும் நடக்க முடியாதவர்களையும் வேனில் ஏற்றிக்கொண்டுபோய் வருகிற ஒரு சேவைக்கு நாங்கள் மென்பொருள் எழுதிக்கொடுத்திருந்தோம். எந்த வண்டி எத்தனை மணிக்கு எந்த வாசலுக்குப் போக வேண்டும் என்று பார்த்து அனுப்புகிற மேசையில் மார்லிஸ் ஆப்டால் உட்கார்ந்திருந்தாள். இருபத்து நாலு வருடம் ரேடியோவிலேயே வண்டிகளை மேய்த்தவள். வயது அறுபத்தொன்று. எங்களுக்கு அவள் வெறும் போன் குரல்தான், ஆனால் என்ன குரல்! பனிப்புயலில் சிக்கிய ஓட்டுநர்கூட அந்தக் குரலைக் கேட்டால் மூச்சு விடுவான் என்று சொல்வார்கள்.

அவளுடைய திரையில் ஒரு நாளைக்கு நூற்று நாற்பது பயணங்கள், பயணத்துக்கு ஒரு வரி. எங்கேயோ ஒரு வண்டி ஒரு தெரு நகர்ந்தால் போதும், கணினி நூற்று நாற்பது வரிகளையும் புதிதாக வரையும். அவர்களிடம் இருந்த கணினிகளோ கிழடுகள். மார்லிஸ் ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரைக்கு வந்து சேர்வதற்குள் கொட்டாவி விடலாம்.

மாறாத வரியை மறுபடி மறுபடி வரைவதா? ஆர்லனுக்கு இது பொறுக்குமா? ஒவ்வொரு வரிக்கும் ஞாபகசக்தி கொடுத்தான். எங்கள் தொழிலில் இதை மெமோ போடுவது என்போம். மெமோ போட்ட வரி தன்னுடைய கடைசிப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். அதனிடம் விவரங்களை ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தால், போன தடவை கொடுத்த அதே பெட்டிதானா என்று மட்டும் பார்க்கும். அதே பெட்டி என்றால் திறக்காமல் பழைய படத்தையே காட்டிவிடும். வேறு பெட்டி என்றால்தான் திறந்து பார்த்துப் புதிதாக வரையும். நேரம் மிச்சமாவது இதனால்தான். ஆனால் இதற்கு ஒரு பத்தியம் உண்டு. உள்ளே கடுகளவு மாறினாலும் பழைய பெட்டிக்குள் கையை விடக்கூடாது. புதுப் பெட்டி எடுத்து, எல்லாவற்றையும் அதில் மாற்றிப் போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இந்தத் தொழிலுக்கு வருகிற எவரும் முதல் மாதமே படிக்கிற பாடம். ஆர்லனுக்குத் தெரியாதது இல்லை.

நான் சோதித்துப் பார்த்தேன். திரை பறந்தது. சரி என்று கையெழுத்துப் போட்டேன். அந்த வாரமே மார்லிஸ் ஓட்டுநர் ஒருவரிடம் ஒரு தட்டு நிறைய ருபார்ப் தண்டு போட்ட இனிப்பு வில்லைகள் செய்து கொடுத்தனுப்பினாள். மேலே ஒரு சீட்டு: 'என் திரைக்கு உயிர் கொடுத்த பிள்ளைக்கு.' ஆர்லன் அந்தச் சீட்டைத் தன் மேசை விளக்கில் ஒட்டி வைத்துக்கொண்டான்.

அக்டோபரில் அவள் என்னைக் கூப்பிட்டாள்.

"ஜோலீன், ஒரு வரி தூங்குதும்மா."

"தூங்குதா? என்ன மார்லிஸ் சொல்றீங்க?"

"வண்டி நேரத்த மாத்திட்டேன்னு புக்கிங் எடுக்கற முன்மேசைப் பொண்ணு அங்கேர்ந்து சொல்றா. என் ஸ்கிரீன்ல பழைய நேரமே நிக்குது. அசைய மாட்டேங்குது."

"ரீலோட் பண்ணிப் பாருங்களேன்."

"பண்ணேன், பண்ணேன். உடனே சரியாயிடுச்சு. ஆனா ஏன் தூங்கிச்சு? அதச் சொல்லு."

ஒரு மணி நேரம் முயன்றேன். என் கணினியில் நேரத்தை மாற்றினேன், என் கணினியிலேயே பார்த்தேன். கண் இமைப்பதற்குள் மாறியது. இருபது தடவை மாற்றினேன், இருபது தடவையும் மாறியது. புகாரை மூடினேன். மூடும்போது காரணம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லி ஒரு பட்டியல் வரும். அதில் எங்களுக்கு மிகவும் வசதியான வரி ஒன்று உண்டு: 'திரும்ப வரவழைக்க முடியவில்லை.' நீ சொல்கிற கோளாறை எங்களால் இங்கே வரவழைத்துப் பார்க்க முடியவில்லை, ஆகவே அது இல்லை என்று அர்த்தம்.

நவம்பரில் மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும் வரி தூங்குகிறதாம். இந்தத் தடவை நான் பத்து நிமிஷம்தான் பார்த்தேன். ஏன் மறைக்க வேண்டும், ஐந்து நிமிஷம். பக்கத்து நாற்காலியிலிருந்து ஆர்லன் தலையைத் திருப்பாமலே, "தூங்கறது ஸ்கிரீன் இல்ல ஜோலீன், அந்தம்மாதான்" என்றான். நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அதே காரணத்தைத் தேர்ந்தெடுத்து மூடினேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என்னையே அறையலாம் போல இருக்கிறது.

ஜனவரி இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை. பூச்சியத்துக்குக் கீழே இருபத்தாறு டிகிரி. ஒரு முதியோர் மையத்தில் வெப்பக் கருவி கெட்டுப்போய், எல்லோரையும் முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பினார்கள். விர்ஜில் என்பவருக்குப் பத்தரைக்கு வர வேண்டிய வேனை ஒன்பதரைக்கு மாற்றச் சொன்னார்கள். சேவையின் முன்மேசைப் பெண் எட்டு ஐம்பத்திரண்டுக்கு மாற்றியும்விட்டாள். மற்றவர்களைப் பிள்ளைகள் வந்து கூட்டிப்போனார்கள். வேன் இதோ வந்துவிடும் என்று நம்பி மையத்தைப் பூட்டிக்கொண்டு கடைசி ஊழியரும் போய்விட்டார். எழுபத்தெட்டு வயது மனிதர் பூட்டிய கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். வேன் பத்தரைக்கு வந்தது. இடது கையில் குளிரில் விறைத்துச் செத்துப்போன இரண்டு விரல் நுனிகளை எடுக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் எங்கள் அலுவலக நீள மேசையில் கூடினோம். சேவையின் மேலாளர், டுவெய்ன், ஆர்லன், நான், மார்லிஸ். அன்றுதான் அவளை முதன்முதலாகப் பார்த்தேன். அவ்வளவு பெரிய குரலுக்கு இவ்வளவு சிறிய உடம்பா என்று தோன்றியது. அவள் பனிக் காலணியிலிருந்து உருகிய தண்ணீர் நாற்காலிக்கடியில் தேங்கியிருந்தது.

மேலாளர் ஆர்லனைப் பார்த்து, "ஒரே கேள்விதான். நேரம் மாறினப்புறமும் ஸ்கிரீன்ல பழசு நிக்க வாய்ப்பு இருக்கா? இருக்கா, இல்லையா?" என்று கேட்டார்.

"இல்ல" என்றான் ஆர்லன்.

அவன் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினான். பதிவுகளை அச்சடித்துக் கொண்டுவந்திருந்தான். எட்டு மணி ஐம்பத்திரண்டு நிமிஷம் ஏழு வினாடிக்குப் புது நேரம் மார்லிஸின் கணினிக்கு வந்து சேர்ந்ததாக அதில் இருந்தது.

"நான் அந்த வரியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன், தம்பி" என்றாள் மார்லிஸ். "அஞ்சு மணிக்கு உக்காந்தவ, எதையும் தொடல, எங்கயும் நகரல. பத்தரைன்னுதான் போட்டிருந்துச்சு."

"வந்து சேர்ந்திருக்கு, மார்லிஸ்." ஆர்லன் கடுமையாகச் சொல்லவில்லை, பரிவோடுதான் சொன்னான். அதுதான் இன்னும் மோசம். "இங்க பாருங்க. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த வரியின் மேல் விரலை வைத்து, மெதுவாகப் படித்தாள். இரண்டாவது தடவையும் படித்தாள்.

"வந்திருக்கு" என்றாள். "அப்போ நான்தான் பாக்கலையா?"

அவள் கொடுத்த இரண்டு புகார்களும், மூடிய தேதியோடு, என் மடிக்கணினியில் இருந்தன. 'இவங்க இதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை சொல்லியிருக்காங்க' என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். ஊரெல்லாம் வாய்க்காரி என்று பெயர் எடுத்தவளுக்கு அன்று வாய் எங்கே போயிற்று? என் கையெழுத்தும் அந்த வேலையில் இருந்ததே என்ற பயம்தான், வேறென்ன.

அவளை யாரும் வேலையைவிட்டு நீக்கவில்லை. அவளே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்து வந்தவர்களுக்குச் சேவை ஒரு விதி போட்டது: பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை ரீலோட் செய்ய வேண்டும். அதன் பிறகு எந்த வரியும் தூங்கவில்லை. "பாத்தீங்களா, ஆள் மாறினதும் சரியாயிடுச்சு" என்றார் டுவெய்ன். எங்களுக்கும் அது சரியாகத்தான் பட்டது.

பதினாலு மாதம் கழித்து, மார்ச்சில் ஒரு புதன்கிழமை. கைபேசியிலிருந்தும் பயணங்களை மாற்றுகிற வசதியை ஆர்லன் எழுதிக்கொண்டிருந்தான். திரையைத் திறந்தபடியே விட்டுவிட்டு சூப் குடிக்கப் போனான். கடையில் உட்கார்ந்தபடி, வேலை செய்கிறதா பார்ப்போம் என்று ஒரு பயணத்தின் நேரத்தைக் கைபேசியில் மாற்றினான். முக்கால் மணி கழித்துத் திரும்பி வந்தான்.

"ஜோலீன்" என்று கூப்பிட்டான். "எதையும் தொடாம இங்க வா."

கோட்டைக்கூடக் கழற்றாமல் மேசை முன்னால் நின்றுகொண்டிருந்தான். கைபேசியில் அந்தப் பயணத்துக்கு இரண்டு மணி. திரையில் ஒரு மணி. நாங்கள் இரண்டு பேரும் அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது தூங்கிக்கொண்டிருந்தது.

கண்டுபிடிக்கக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. வெளியிலிருந்து ஒரு மாற்றம் வந்து சேர்கிற இடத்தில், மெமோ போடுவதற்கு வெகுநாள் முன்பே, அவன் ஒரு சிக்கனம் செய்து வைத்திருந்தான். மாறுவது நேரம் ஒன்றுதானே, அதற்கு எதற்குப் புதுப் பெட்டி என்று பழைய பெட்டிக்குள்ளேயே புது நேரத்தைப் போட்டுவிடுகிற மாதிரி எழுதியிருந்தான். அப்போது அதனால் ஒரு கெடுதலும் இல்லை, எல்லா வரிகளும்தான் ஓயாமல் புதிதாக வரையப்பட்டனவே. மெமோ வந்த பிறகு கதை மாறிவிட்டது. நேரம் ஒழுங்காக வந்து சேர்ந்தது, பெட்டிக்குள்ளும் போனது. வரியோ அதே பெட்டிதானே என்று திறக்காமலே பழைய படத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. தன் கணினியிலேயே மாற்றுகிறவர்களுக்கு இது வராது, அந்த வழியில் புதுப் பெட்டிதான் போகும். என் இருபது சோதனையும் அந்த வழிதான். ரீலோட் செய்தால் வராது. திரையை மேலும் கீழும் உருட்டிக்கொண்டிருந்தாலும் வராது. எதையும் தொடாமல், கண்ணை எடுக்காமல், ஐந்து மணியிலிருந்து காவல் காக்கிறவளுக்கு மட்டும்தான் வரும்.

சரிசெய்வதற்கு மூன்று புள்ளி போதுமாயிருந்தது. எங்கள் எழுத்தில் மூன்று புள்ளி வைத்தால், உள்ளே இருப்பதையெல்லாம் புதுப் பெட்டிக்கு மாற்று என்று அர்த்தம். ஆர்லன் மூன்று தட்டுத் தட்டினான். மறுபடி கைபேசியில் மாற்றினான். வரி விழித்துக்கொண்டது.

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். விளக்கில் ஒட்டியிருந்த சீட்டு மஞ்சளேறிப்போய் இன்னும் அங்கேயே இருந்தது.

"பெட்டியப் பாத்தியான்னு கேட்டாரே மேஸ்திரி" என்றான். "அன்னிக்கே கேட்டாரே."

டுவெய்னிடம் சொன்னோம். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "சரி பண்ணியாச்சுல்ல? அதோட விடு. அந்தம்மா ஓய்வெடுத்துக்கிட்டு நிம்மதியா இருக்கும். ஆறிப்போன புண்ண ஏன் கிளறணும்?"

"அவங்ககிட்ட சொல்லியாகணும், டுவெய்ன்" என்றான் ஆர்லன்.

"சொல்லு. வேணாம்னு சொல்லல. வக்கீலக் கேட்டுட்டு சொல்லு."

வெளியே வந்ததும் ஆர்லன் அன்றைக்கே போகலாம் என்றான். அவனைத் தடுத்தது டுவெய்ன் இல்லை, நான். "புது வெர்ஷன் வெளியாகட்டும்டா. ஈஸ்டரும் போகட்டும். பண்டிகை நேரத்துல போய் அவங்க வீட்ல ஏன் குண்டு போடற? பதினாலு மாசம் ஆச்சு, இன்னும் மூணு வாரத்துல என்ன ஆயிடப்போகுது?" என்றேன். அவன் தலையாட்டினான். அந்த மூன்று வாரமும் அவன் காப்பி போடவே இல்லை.

ஈஸ்டருக்கு அடுத்த சனிக்கிழமை என் காரில் போனோம். ஊரின் வடக்கே சின்னப் பச்சை வீடு. வாசலில் விற்பனைப் பலகை, அதன் மேல் குறுக்காக 'விற்றாயிற்று' என்று சிவப்புப் பட்டை. பக்கத்து வீட்டுக்காரர் வேலியோரத்து அழுக்குப் பனியை மண்வாரியால் உடைத்துக்கொண்டிருந்தார்.

"மார்லிஸா? செவ்வாய்க்கிழமைதான் காலி பண்ணிட்டுப் போனாங்க. மூர்ஹெட்ல தங்கச்சி வீட்டுக் கீழ்த்தளத்துக்கு. பாவம், ஞாபகம் தப்பிப்போச்சாம். தனியா இருக்க பயமாயிருக்குன்னாங்க. கார போன வருஷமே வித்துட்டாங்க, ஓட்ட மாட்டேன்னு."

காருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தோம். நான் சாவியைப் போடவில்லை.

"செவ்வாக்கிழமை" என்றான் ஆர்லன்.

"நான்தான்டா சொன்னேன். நான்தான் மூணு வாரம்னு சொன்னேன்." எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் என்னைத் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

ஆற்றைத் தாண்டினால் மூர்ஹெட். தங்கை கதவைத் திறந்து படிக்கட்டைக் காட்டினாள். கீழே ஒரு படுக்கை, ஒரு மேசை, சின்ன அடுப்பு, இன்னும் பிரிக்காத அட்டைப் பெட்டிகள். எங்கே பார்த்தாலும் மஞ்சள் சீட்டுகள். அடுப்பின் மேல்: 'அணைத்தாயா? மறுபடி பார்.' கதவில்: 'பூட்டினாயா? மறுபடி பார்.' மாத்திரை டப்பாவின் மேல்: 'இன்றைக்கு என்ன கிழமை? நாள்காட்டியைப் பார். மறுபடி பார்.'

"வாங்க வாங்க" என்றாள் அதே குரலில். "உக்காருங்க. காப்பி இருக்கு. போட்டேன்னுதான் நினைக்கிறேன், இருங்க." போய்ப் பார்த்தாள். இருந்தது.

ஆர்லனுக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது. மேசையில் இருந்த இரண்டு பிஸ்கட் டப்பாக்களைக் காலி செய்து முன்னால் வைத்துக்கொண்டு, பெட்டிக் கதை முழுவதையும் அவளிடம் செய்து காட்டினான். பத்தரை என்று ஒரு துண்டுச் சீட்டு, ஒன்பதரை என்று இன்னொன்று. அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். எங்கள் கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு அரைநாள் ஆகும் புரிய. அவள் பாதியிலேயே பிடித்துக்கொண்டாள்.

"அப்போ வரி தூங்கிச்சு."

"தூங்கிச்சு, மார்லிஸ்."

"நான் சொன்னேன்ல?"

"சொன்னீங்க" என்றேன் நான். "ரெண்டு தடவை எங்கிட்ட சொன்னீங்க. நான்தான் மூடிட்டேன். அன்னிக்கு அந்த மேசையில அதச் சொல்லாம வாய மூடிக்கிட்டு உக்காந்திருந்ததும் நான்தான்."

அவள் என்னைப் பார்க்கவில்லை. டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, நான் பாத்தேனா?"

"நீங்க பாத்தீங்க. பத்தரைன்னுதான் இருந்துச்சு. ஒம்பதரைன்னு உங்க கண்ணுக்கு அது காட்டவேயில்ல."

பிறகு அவள் தன் கதையைச் சொன்னாள். ஜனவரிக்குப் பிறகு டாக்டரிடம் போனாளாம். கடிகாரம் வரையச் சொன்னாராம், ஐந்து வார்த்தை சொல்லி ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாராம். "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கீங்கன்னாரு. அவருக்கென்ன தெரியும்? ஒரு வரிய நாலு மணி நேரம் பாத்துக்கிட்டே இருந்துட்டு, அதுல இருக்கறத பாக்காம விட்டவ நான். அதுக்கப்புறம் எதப் பாத்தாலும், நிஜமாவே பாக்கறேனான்னு வந்துடுச்சு. சிவப்பு விளக்கு எரியுதா, எரியறதா நினைக்கிறேனா? அப்பிடியிருந்தா எப்பிடிப்பா கார் ஓட்டறது?"

குளிர்பெட்டிக் கதவில் ஒரு வாழ்த்து அட்டை ஒட்டியிருந்தது. அவள் விர்ஜிலுக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதியிருந்தாளாம். அவர் போட்ட பதில் அது. 'மன்னித்துவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்' என்று கோணல்மாணலாக எழுதியிருந்தது. ஆர்லன் அதைப் படித்தான். படித்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நாற்பது வயதைத் தாண்டிய ஆண், குலுங்கிக் குலுங்கி.

"விடுப்பா, விடு. வந்து சொன்னியே" என்று அவன் தலையைத் தடவினாள். பிறகு எழுந்துபோய் அடுப்பைப் பார்த்தாள். வந்து உட்கார்ந்தாள். மறுபடி எழுந்துபோய்ப் பார்த்தாள்.

"இனிமே இதெல்லாம் வேணாமே, மார்லிஸ்" என்றேன் நான், சீட்டுகளைக் காட்டி.

"ஆமால்ல" என்றாள். ஆனால் ஒன்றையும் எடுக்கவில்லை.

கிளம்பும்போது ஆர்லன் அவளுடைய மஞ்சள் சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றைக் கிழித்து, பெரிய எழுத்தில் எழுதினான்: 'நீங்கள் பார்த்தீர்கள். தவறு என்னுடையது. ஆர்லன் ட்வைட்.' அதை அடுப்புச் சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினான்.

திங்கட்கிழமை அவன் யாரையும் கேட்காமல் சேவையின் மேலாளருக்கு உள்ளதை உள்ளபடி எழுதிவிட்டான். டுவெய்ன் குதித்தார், பிறகு அடங்கிவிட்டார். சேவைக்காரர்கள் மார்லிஸுக்கு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் போட்டார்கள், வேலைக்கும் கூப்பிட்டார்கள். அவள் வரமாட்டேன் என்றுவிட்டாள். பச்சை வீட்டில் இப்போது ஓர் இளம் ஜோடி குடியிருக்கிறது. அவளுடைய பழைய புகார்கள் இரண்டையும் நான் திறந்து, காரணத்தை மாற்றலாம் என்று பட்டியலைப் பார்த்தேன். 'அவள் சொன்னது உண்மை' என்று அதில் ஒரு காரணம் இல்லை. பழையதே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை பத்தரை மணிக்குப் போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"ஜோலீனா? ஒண்ணு கேக்கணும், தப்பா நினைச்சுக்காத. சனிக்கிழமை நீங்க ரெண்டு பேரும் இங்க வந்தீங்களா?"

"வந்தோமே மார்லிஸ். காப்பி குடுத்தீங்களே."

"அந்தத் தம்பி, நான் பாத்தேன்னு சொன்னானா? சீட்டு ஒட்டியிருக்கு, இல்லேங்கல. ஆனா நானே எழுதி ஒட்டிக்கிட்டேனோன்னு ஒரு சந்தேகம். எம்மனசு அப்பிடி ஆசப்பட்டிருக்கும்ல?"

ஆர்லன் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் பத்தரைக்கு அந்தப் போன் வருகிறது. ஆர்லன்தான் எடுக்கிறான். அக்டோபரில் அவள் கூப்பிட்டதிலிருந்து ஆரம்பித்து, தூங்கின வரி, இரண்டு பிஸ்கட் டப்பா, மூன்று புள்ளி எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்கிறான். இருபது நிமிஷம் ஆகிறது. ஒரு தடவை எனக்கே பொறுமை போய், "ஆமா, வந்தோம்னு ஒரே வார்த்தையில முடியேன்டா. வாராவாரம் அதே கதைதானே?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் போனைக் கையால் பொத்திக்கொண்டான். "அவங்க புதுசாத்தான் கேக்கறாங்க, ஜோலீன்."

பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். முடிவில் எப்போதும் வருகிற கேள்வி பக்கத்து நாற்காலியில் இருக்கிற எனக்கும் கேட்கும், அந்தக் குரல் அப்படி.

"நிச்சயமாவா, தம்பி? ரெண்டு தடவை பாத்தியா?"

"பாத்தேன் மார்லிஸ். ரெண்டு தடவை பாத்தேன்."

"சரிப்பா. எழுதி வச்சுக்கறேன்" என்கிறாள்.